ஓசை பிறக்கும் விளிம்பு

(திண்டுக்கல்லில் உழவர்களும் மகளிர் குழுவினரும் பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு 2018-ஆம் ஆண்டு மறக்காது. அந்த ஆண்டுதான் படைப்புழு தமிழ்நாட்டில் இறங்கியது. குருத்துக்குள் புகுந்து தின்னும் அந்தப் புழுவைப் பிடிக்க, தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் முதுகில் டேங்கைச் சுமந்தபடி நுழைந்து மருந்தடித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். சோளத்தோகை முகத்தைக் கிழிக்கும். அடித்த மருந்து மூச்சிலும் தோலிலும் திரும்பி வந்து இறங்கும். அந்த வேலையை மேலே பறந்தபடி செய்து முடிக்கும் ட்ரோனை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். மனித உடலை நஞ்சிலிருந்து தள்ளி நிறுத்தும் எந்தக் கருவியும் நல்ல கருவிதான்.

இந்தக் கருவி இனிப் பெருகப் போகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் என்ற திட்டத்தைப் பிரதமர் 2023 சுதந்திர நாள் உரையில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு 1,261 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. ஆளில்லா வானூர்திகளுக்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கழகத்தைத் தொடங்கியிருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் பல ஆண்டுகள் உழைத்து இட்ட அடித்தளம் அதற்குத் துணை நின்றது. சிறுமலை அடிவாரத்திலிருந்து பழனி வரையிலான நம் சமவெளியில், டிராக்டர் ஓசை பழகிப்போனதைப் போல ட்ரோன் ஓசையும் பழகிப்போகும் நாள் தொலைவில் இல்லை.

பழகிப்போவதற்கு முன்பே அந்த ஓசையைக் குறைத்துவிட வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. குறைக்க முடியும். அதற்கான அறிவு ஏறத்தாழ 90 ஆண்டுகளாகத் திரண்டு வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி இறக்கையின் விளிம்பிலும் மேற்பரப்பிலும் செய்யும் சிறு மாற்றங்களைப் பற்றியது. கல்லூரிப் பட்டறையிலேயே செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியவை அவை.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். ட்ரோன் இரைவதைக் கேட்டதும் மோட்டார்தான் கத்துகிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். இறக்கையைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய கீச்சொலிதான் வரும். இரைச்சலில் பெரும்பங்கு, சுழலும் இறக்கையும் காற்றும் சந்திக்கும் இடத்தில் உண்டாகிறது. ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான். என்ஜின் ஓசை அதில் உண்டு என்றாலும், தொலைவிலிருந்து ‘தட தட’வென்று நெஞ்சில் அடிப்பது தலைக்கு மேல் சுழலும் ரோட்டர்தான்.

அந்த இரைச்சலில் இரண்டு பகுதிகள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

முதலாவது, சுருதி. இறக்கை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காற்றை ஒரு தள்ளு தள்ளுகிறது. அந்தத் தள்ளுகள் ஒரே சீரான இடைவெளியில் வருவதால் காதுக்கு அது ஒரு சுருதியாகக் கேட்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்தடிக்கும் ட்ரோனில் 30 அங்குலக் குறுக்களவுள்ள, இரண்டு இறக்கை கொண்ட ரோட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று; இரண்டு இறக்கை; ஆக நொடிக்கு 100 தள்ளு. 100 ஹெர்ட்ஸ் சுருதி. அதன் மேல் 200, 300, 400 என்று மடங்குகளும் ஏறி ஒலிக்கும். அந்த இறக்கையின் நுனி நொடிக்கு ஏறக்குறைய 120 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கி 1992 ஆகஸ்டில் முதன்முதலில் பறக்கவிட்ட ‘துருவ்’ ஹெலிகாப்டரின் ரோட்டர் 13.2 மீட்டர் குறுக்களவு கொண்டது; நான்கு இறக்கை; நிமிடத்துக்கு ஏறக்குறைய 314 சுற்று. அதன் நுனி வேகம் நொடிக்கு 217 மீட்டர். நொடிக்கு 21 தள்ளுகள்தான் என்பதால் அது சுருதியாகக் கேட்காமல் அடியடியாகக் கேட்கிறது.

இரண்டாவது, சீற்றம். எந்தச் சுருதியும் இல்லாமல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கும் ஒலி. இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒழுங்கு குலைந்து, சிறு சிறு சுழிகளாகக் கொந்தளித்து, பின்விளிம்பைத் தாண்டும்போது இந்தச் சீற்றம் பிறக்கிறது. முன்னால் போன இறக்கை கலைத்துவிட்ட காற்றிலோ, வயல்வெளியின் வெப்பக் காற்றிலோ முன்விளிம்பு போய் மோதும்போதும் பிறக்கிறது.

சுருதியின் கணக்கை 1936-இல் சோவியத் அறிஞர் லெவ் குட்டின் எழுதினார். காற்றின் கொந்தளிப்பு எப்படி ஒலியாகிறது என்பதை 1952-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் லைட்ஹில் நிறுவினார். நகரும் பரப்பு ஒன்று கொந்தளிப்புக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1969-இல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் முழுமையாக்கினார்கள். இன்று உலகில் எந்த ரோட்டரின் ஓசையைக் கணக்கிட்டாலும் பெரும்பாலும் அவர்கள் எழுதிய சமன்பாடுதான் அடிப்படை.

இந்தக் கோட்பாடுகளிலிருந்து வெளிப்பட்ட ஒரு முடிவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. திறந்த வெளியில் கொந்தளிக்கும் காற்று, வேகம் குறைவாக இருக்கும்போது மிக மெல்லிய ஒலியைத்தான் எழுப்பும். ஒரு சுழியின் அழுத்தத்தைப் பக்கத்துச் சுழியின் அழுத்தம் ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் அதே சுழி ஒரு கூரிய விளிம்பைக் கடக்கும்போது கதை மாறுகிறது. இறக்கையின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் திடப்பொருள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. விளிம்பு வந்ததும் அந்தத் தடுப்பு திடீரென்று முடிந்துபோகிறது. அந்த ஒரு நொடித் துணுக்கில் அழுத்த வேறுபாடு ஒலியாகச் சிதறுகிறது. இப்படிச் சிதறும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஐந்தாம் மடியில் ஏறுகிறது என்று 1970-இல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாலும் காட்டினார்கள்.

ஐந்தாம் மடி என்பதன் பொருளை எண்ணிக்கையில் பாருங்கள். நுனி வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் இந்தச் சீற்றம் ஏறத்தாழ 5 டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல். 3 டெசிபல் குறைந்தாலே ஒலி ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டெசிபல் குறைந்தால்தான் நம் காது ‘பாதியாகிவிட்டது’ என்று உணரும்.

ஓசை விளிம்பில் பிறக்கிறது என்றால், விளிம்பின் ‘திடீர்’ தன்மையைப் போக்கினால் ஓசை குறைய வேண்டும். இதை மனிதன் சமன்பாடாக எழுதுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பறவை தன் உடலில் எழுதிவைத்துவிட்டது. அது நம் வயல்களில்தான் இருக்கிறது.

கூகையைச் சொல்கிறேன். வெள்ளை முகமும் தவிட்டு நிற முதுகுமாக, பாழடைந்த கட்டடங்களிலும் கோயில் கோபுரங்களிலும் குடியிருக்கும் ஆந்தை. அது அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிந்து துரத்தியவர்கள் நம்மில் பலர். நெல் வயலில் ‘டி’ வடிவக் குச்சிகளை நட்டு வையுங்கள், இரவில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்கும் என்று வேளாண் துறையினர் சொல்லி வருகிறார்கள். பழனி, வத்தலக்குண்டு பக்கம் நெல் போடுகிறவர்கள் அந்தக் குச்சிகளை நட்டிருப்பீர்கள். எலியின் செவி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்குத்தான் கூர்மையானது. கூகையோ இருட்டில் காதை மட்டும் நம்பி இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். தன் சிறகே சீறினால் எலிக்கும் கேட்டுவிடும், எலியின் ஓசையும் தன் காதுக்கு எட்டாமல் மறைந்துபோகும். அதனால் அதன் சிறகு, எந்த அதிர்வெண்களில் ஓசை எழுந்தால் கெடுதலோ, அந்த அதிர்வெண்களில் வாயடைத்துப் போகும்படி அமைந்திருக்கிறது.

1934-இல் ஆர். ஆர். கிரஹாம் என்பவர் ஆந்தையின் ஓசையற்ற பறத்தலைப் பற்றி பிரிட்டனின் ராயல் ஏரோநாட்டிகல் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆந்தைச் சிறகில் மூன்று தனி அமைப்புகளை அவர் காட்டினார். முன்விளிம்பில், வெளிப்புறச் சிறகில், சீப்புப் பல்லாக வரிசையாய் நிற்கும் சிறு முட்கள். பின்விளிம்பில், சின்னாளப்பட்டிச் சேலையின் முந்தானைக் குஞ்சம் போலத் தொங்கும் மென்மையான இழைகள். சிறகின் மேற்பரப்பு முழுதும் வெல்வெட் போன்ற பூம்பஞ்சு. இன்று வரை நடக்கும் ஆய்வுகள் எல்லாம் இந்த மூன்றையும் விளக்குவதும் இயந்திரத்துக்கு மாற்றுவதும்தான்.

பின்விளிம்புக் குஞ்சம் என்ன செய்கிறது? திடப்பொருள் ஒரே கோட்டில் முடியாமல், சிறிது சிறிதாகக் காற்றாக மாறுகிறது. மேலும் கீழும் இருக்கும் அழுத்தம் சிதறாமல், கலந்து தணிகிறது. விளிம்பில் துளைகளும் நெகிழ்ச்சியும் இருந்தால் சிதறல் எவ்வளவு குறையும் என்பதை 2013-இல் ஜஸ்டின் ஜாவோர்ஸ்கியும் கேம்பிரிட்ஜின் நைஜல் பீக்கும் கணித முறையில் நிறுவினார்கள். இயந்திர இறக்கையில் குஞ்சம் தொங்கவிடுவது எளிதல்ல. அதற்குப் பதில் பின்விளிம்பை ரம்பப் பல்லாக வெட்டலாம். பல்லின் சாய்ந்த ஓரத்தை ஒரு சுழி கடக்கும்போது, அதன் ஒவ்வொரு பகுதியும் சற்றே வேறு வேறு நேரத்தில் ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1991-இல் எம். எஸ். ஹோவ் இதற்கான கோட்பாட்டைத் தந்தார். பல் கூராகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தின் தடிமனை விட நீளமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறிய ட்ரோன் இறக்கையில் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஆக, சில மில்லிமீட்டர் நீளப் பல் போதும்.

முன்விளிம்புச் சீப்பு எதிரே வரும் கொந்தளிப்பை மொத்தமாக ஒரே நேரத்தில் மோதவிடாமல் பிரித்து வாங்குகிறது. நாசாவின் பால் சோடர்மன் 1973-லேயே ரோட்டர் முன்விளிம்பில் பற்களை ஒட்டிச் சோதித்தார். வேகம் குறைவாக இருக்கும்போது நல்ல பயன் தெரிந்தது. வேகம் ஏற ஏறப் பயன் சுருங்கியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நாராயணன், சைதன்யா ஆகிய இந்திய ஆய்வாளர்களும் அவர்களோடு பணியாற்றியவர்களும் 2015 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறையில் பெரிதும் மதிக்கப்படுபவை. பல்லுக்குப் பல் இடைவெளி, வந்து மோதும் சுழிகளின் குறுக்களவை விட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தால்தான் ஓசை மிக அதிகமாகக் குறையும் என்று 2017-இல் அவர்கள் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆந்தையைப் பிரதி எடுத்தால் போதாது, எந்தக் காற்றில் எந்தச் சுழி வருகிறது என்று அளந்து வெட்ட வேண்டும் என்பதை அந்த ஒரு எண் நமக்குச் சொல்கிறது.

மூன்றாவதான பூம்பஞ்சுதான் நீண்ட நாள் புதிராக இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இயன் கிளார்க்கும் அவர் குழுவினரும் அந்தப் பஞ்சை உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒவ்வோர் இழையும் முதலில் நிமிர்ந்து பிறகு பின்னோக்கிச் சாய்ந்து, சிறகின் மேல் ஒரு பந்தல் போட்டதுபோல் இருப்பதைக் கண்டார்கள். கொந்தளிப்பு பந்தலுக்கு மேலேயே ஓடிவிடுகிறது. தோலுக்கும் விளிம்புக்கும் நேராக வந்து உரசுவதில்லை. இதைப் பார்த்து அவர்கள் இறக்கையின் பின்விளிம்பு அருகே மெல்லிய சிறு துடுப்புகளையும் தண்டவாளங்கள் போன்ற இழைகளையும் ஒட்டிச் சோதித்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் 10 டெசிபல் வரை ஓசை குறைந்தது என்று 2017-இல் எழுதினார்கள். காதுக்குப் பாதி என்று சொன்னேனே, அந்த அளவு.

இவை ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. பழனியிலிருந்து உடுமலை, தாராபுரம் பக்கம் போகும்போது வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்க்கிறோம். அந்தத் தொழிலில்தான் ரம்பப் பல் முதலில் வேரூன்றியது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 94 மீட்டர் ரோட்டர் கொண்ட 2.3 மெகாவாட் காற்றாலையின் ஓர் இறக்கையில் மட்டும் பின்விளிம்புப் பல் பொருத்தி, மற்ற இறக்கையோடு ஒப்பிட்டு அளந்தார்கள். சராசரியாக 3.2 டெசிபல் குறைவு. மின் உற்பத்திக்கு இழப்பில்லை. இப்போது உலகின் பெரிய நிறுவனங்கள் பல்வரிசையோடுதான் இறக்கைகளை விற்கின்றன. ஜப்பானில் 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ஷின்கான்சென் ரயிலின் கூரை மேல் மின்சாரம் எடுக்கும் கைக்கு ஆந்தையின் முன்விளிம்பைப் பார்த்துச் சிறு முனைகள் பொருத்தினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய எய்ஜி நகாட்சு ஒரு பொறியாளர், பறவை ஆர்வலரும் கூட.

ஹெலிகாப்டரில் முக்கியமான சிக்கல் வேறு. ஓர் இறக்கையின் நுனி விட்டுச்செல்லும் சுழலை அடுத்த இறக்கை வந்து அறைகிறது. தரையிறங்கும்போது கேட்கும் ‘டப் டப்’ அதுதான். ஏர்பஸ் எச்160 ஹெலிகாப்டரின் இறக்கை நேராக இல்லாமல் முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும் வளைந்திருக்கும். சுழல் ஒரே நேரத்தில் இறக்கை நெடுக அறையாமல் படிப்படியாகக் கடப்பதற்காக அந்த வளைவு. அதனால் 3 டெசிபல் மிச்சம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. பல்லிலும் வளைவிலும் தத்துவம் ஒன்றே: எல்லாம் ஒரே கணத்தில் நடக்கவிடாதே.

இப்போது மாணவர்களுக்கு ஒரு செய்தி. காற்று ஒரு பரப்பின் மேல் எப்படி ஓடும் என்பதை அளவு, வேகம், காற்றின் பிசுக்கு மூன்றையும் சேர்த்த ரெனால்ட்ஸ் எண் தீர்மானிக்கிறது. பறக்கும் ஆந்தைச் சிறகுக்கு அது பல பத்தாயிரங்களில் இருக்கும். துருவ் ஹெலிகாப்டர் இறக்கைக்குப் பல இலட்சங்களைத் தாண்டிப் பத்து இலட்சங்களில் போகும். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய ட்ரோன் இறக்கை நொடிக்கு 60 மீட்டரில் ஓடினால், அது ஏறக்குறைய 80,000. அதாவது, காற்றின் கண்ணுக்கு ட்ரோனின் இறக்கை ஹெலிகாப்டருக்கு உறவில்லை, ஆந்தைக்குத்தான் உறவு. வேகமான ரோட்டரில் பயன் சுருங்கிய ஆந்தைப் பாடம் சிறிய ட்ரோனில் இன்னும் நன்றாகப் பலிக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த அளவில் இன்னொரு நோயும் உண்டு: காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து மீண்டும் ஒட்டும்போது ஊதல் போன்ற ஒலி எழும். மேற்பரப்பில் ஒரு கோணல்மாணல் பட்டையை ஒட்டி, காற்றை அங்கேயே கொந்தளிக்கவிட்டால் அந்த ஊதல் அடங்கிப்போகும். வழவழப்பான பரப்புதான் அமைதியான பரப்பு என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். ஆந்தையின் மூன்று உத்திகளும் சீற்றத்துக்கான மருந்து. 100 ஹெர்ட்ஸ் சுருதியை அவை தொடாது. சுருதிக்கு மருந்து மெதுவாகச் சுற்றுவதும், இறக்கை எண்ணிக்கையைக் கூட்டிச் சுமையைப் பங்கிடுவதும்தான். நுனி வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால், அதே சுமையைத் தூக்க இறக்கைப் பரப்பு 23 விழுக்காடு கூட வேண்டும். அதற்குத் தக்க எடையும் விலையும் ஏறும். எனவே வரிசை இதுதான்: முதலில் வேகம், அடுத்து வடிவம், கடைசியாக மேற்பரப்பு. ஆனால் வேகமும் வடிவமும் ட்ரோனைப் புதிதாக வடிவமைக்கும்போதுதான் கைக்கு எட்டும். மேற்பரப்போ, இருக்கிற இறக்கையின் வார்ப்பு அச்சை மாற்றினால் வந்துவிடும்; எடையும் ஏறாது, பேட்டரியும் அதிகம் தின்னாது. பல் கோணலாக வெட்டப்பட்டால் கீச்சொலி கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘கொஞ்சம் இரைந்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. நாசாவின் லாங்லி மையம் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே அளவு ஒலியில் ட்ரோனையும் சாலை வாகனங்களையும் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களுக்கு ட்ரோன் ஓசை 5.6 டெசிபல் கூடுதலாக உள்ள வாகன ஓசைக்குச் சமமான எரிச்சலைத் தந்தது. பல ரோட்டர்கள் சற்றே வேறு வேறு வேகத்தில் சுற்றி, சுருதி ஓயாமல் அலைவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஓசைக்கு அருகில் நாள் முழுதும் நிற்கப் போவது ட்ரோன் ஓட்டும் நம் வீட்டுப் பெண்கள்.

இந்த ஓசையின் தொல்லை மனிதர்களோடு நின்றுவிடவில்லை. வேடசந்தூர், அய்யலூர், நத்தம் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. இந்தியாவிலேயே முதல் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை மையமாக வைத்து 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. இரவில் பூச்சி பிடித்துத் தின்று நம் பயிருக்கு உதவும் விலங்கு அது. பக்கத்து வயலில் வெயிலுக்குப் பயந்து மாலையிலும் விடியலிலும் மருந்தடிக்கும்போது அந்தக் காட்டு ஓரத்தில் என்ன ஓசை விழுகிறது என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும். கன்னிவாடிப் பக்கம் யானை வந்து பயிரை அழிக்கும்போது ட்ரோன் ஓசையே அதை விரட்ட உதவுமே என்று நீங்கள் கேட்கலாம். தான்சானியாவில் அப்படி விரட்டியும் இருக்கிறார்கள். உண்மைதான். வேண்டியபோது ஒலி எழுப்ப ஒரு குழல் போதும். வேண்டாதபோது அடங்கியிருக்கும் இறக்கைதான் அரிது.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு மேலே ஒரு படி போய், 2019-இல் ட்ரோனுக்கே வரம்பு வைத்தது. 900 கிராமுக்குக் குறைவான வகையின் ஒலித்திறன் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தொடங்கியது. பிறகு 83, அடுத்து 81 என்று படிப்படியாக இறக்கவும் நாள் குறித்தது. விதி வந்ததும் தொழில் அதைத் தேடிப் போகும். நம் ட்ரோன் சான்றிதழிலும் ஒலி அளவு கட்டாயம் அச்சிடப்பட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மருந்து டேங்க் எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை நிமிடம் என்று பார்த்து வாங்குவதோடு, பத்து மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் என்று கேட்டு வாங்கும் குழுக்கள் திண்டுக்கல்லிலிருந்து எழட்டும்.

பொறியியல் மாணவர்களே, உங்களுக்கு நான் ஒரு வேலையையே கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு இறக்கைகளை எடுங்கள். ஒன்றில் பின்விளிம்புப் பல்லோ, மேற்பரப்புப் பட்டையோ சேருங்கள். கம்பிக் கூண்டுக்குள் ஒரு சோதனைத் தாங்கியில் பொருத்தி, தூக்குவிசையை அளக்கும் லோடு செல்லும் வையுங்கள். ஒரே சுற்று வேகத்தில் ஒப்பிடாதீர்கள். ஒரே தூக்குவிசையில் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் சுமை தூக்காத இறக்கை அமைதியாக இருப்பதைப் பெருமையாக எழுதிவிடுவீர்கள். ஒலிவாங்கியைப் பல கோணங்களில் வையுங்கள். ரோட்டர் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிக்காது. சுருதியைத் தனியாகவும் சீற்றத்தைத் தனியாகவும் பதியுங்கள். ஒட்டிய இறக்கையை ஒருபோதும் வெளியில் பறக்கவிடாதீர்கள். ஒரு பல் பிய்ந்து பறந்தாலும் அது தோட்டாதான்.

ட்ரோன் ஓட்டும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெளித்து முடித்ததும் இறக்கையில் படிந்த மருந்தையும் புழுதியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். முன்விளிம்பைக் கை வைத்துத் தடவிப் பாருங்கள். கல் பட்டுச் சிறு பள்ளம் விழுந்திருந்தாலும் இறக்கையை மாற்றுங்கள். ஓசை கூடுகிறது என்றால் காற்று எங்கோ முரண்டு பிடிக்கிறது, பேட்டரி அங்கே வீணாகிறது என்று பொருள். உங்கள் காதுதான் உங்களிடம் இருக்கும் முதல் அளவுகோல்.

திண்டுக்கல் பூட்டுக்குள் இருக்கும் மில்லிமீட்டரில் பாதி அளவுள்ள வேறுபாட்டைக் கையால் அரம் போட்டுச் சரிசெய்யும் கைவினைஞர்கள் வாழும் ஊர் இது. விளிம்பின் நுட்பம் இந்த ஊருக்குப் புதிதில்லை. அந்தக் கையும், கல்லூரியின் கணக்கும், வயலில் நிற்பவரின் காதும் ஒன்று சேர்ந்தால், குறைந்த ஓசையில் பறக்கும் ட்ரோன் இறக்கையை வேறு எங்கிருந்தோ வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேயே வார்த்து, இங்கேயே அளந்து, நம் வயலிலேயே நிரூபிக்கலாம். ட்ரோன்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதற்கு முன்பாக, இந்த ஆண்டே அந்த வேலையைத் தொடங்குங்கள்.